ஆண்டியப்பனின் கடிதம்

மார்ச் 4

இல்லை, சலிப்பு இல்லை. சலித்தவர்களால் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க முடியும். எனக்கு அதுதான் முடியவில்லை. இன்று மட்டும் முதல் கூடத்தைப் பதினொரு முறை சுற்றினேன். காவலாளி எண்ணிச் சொன்னார்.

ஈப்போ பழைய நகரத்தில் ஈயச் சுரங்கக் குடும்பம் ஒன்று விட்டுப்போன வீடு. அவர்கள் சேர்த்த நாணயங்களை வைத்து ஓர் அறக்கட்டளை காட்சியகம் அமைக்கிறது. திறப்பு விழா மார்ச் 28. எனக்கு மூன்று மாத ஒப்பந்தம். தமிழில் வரவேண்டியதை எல்லாம் எழுத வேண்டும். எல்லாம் என்பது ஒரே ஒரு பலகை.

முதல் கூடத்தின் கேள்வி: நம் பணத்தின் பெயர் எங்கிருந்து வந்தது? நான்கு பலகைகள். மலாய், ஆங்கிலம், சீனம் மூன்றும் மாட்டியாகிவிட்டன. ஒவ்வொன்றின் கீழும் காதில் வைத்துக் கேட்கும் கருவி ஒன்று. அதில் யாராவது ஒருவரின் குரல், ஒரு நிமிடத்துக்கு. மலாய்ப் பலகையில் லூமுட் மீனவர் ஒருவர் முதன்முதலாக மீன் விற்ற கதையைச் சொல்கிறார். நடுவில் இருமுகிறார். இருமலை வெட்டவில்லை. நல்லது.

பலகை சொல்வது எளிமையானது. 'ரிங்கிட்' பழைய மலாய்ச் சொல். பல் பல்லான விளிம்புடையது என்று பொருள். ஸ்பெயின்காரர்களின் வெள்ளிக் காசுகள் இந்தக் கடற்கரைகளில் புழங்கின. அவற்றின் விளிம்பில் பல் வெட்டியிருக்கும். ஓரத்தைச் சுரண்டி வெள்ளியைத் திருடுவது அந்நாளைய தொழில். பல் இருந்தால் சுரண்டியது தெரிந்துவிடும். காசு போய்விட்டது. அதன் விளிம்பு ஒரு நாட்டுப் பணத்தின் பெயராக நின்றுவிட்டது.

கையுறை போட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முகத்தில் ஏதோ ஓர் அரசன். விரல் முகத்தில் நிற்கவில்லை. விளிம்புக்கே போகிறது.

நான்காவது பலகை வெறும் வெள்ளை. நாளை குணாளன் ஐயா வருகிறார். தமிழ்ப் பலகைக்காக அலைந்த சங்கத்தின் தலைவர்.

வாளியில் துணி இரண்டு நாளாக ஊறுகிறது.

மார்ச் 5

குணாளன் ஐயாவுக்கு எழுபத்து மூன்று வயது. தேய்த்த சட்டை, பையில் இரண்டு பேனா. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. நேராக வெற்றுப் பலகையின் முன் போய் நின்றார்.

"இந்த எடத்துக்கு எத்தன வருஷம் நடந்தேன் தெரியுமா மா?"

"மூணுன்னு சொன்னாங்க ஐயா."

"மூணு வருஷம் நாலு மாசம். மூணு மொழி போதும்னாங்க. தமிழங்க காசப் பாக்கவா வரப்போறாங்கன்னு கேட்டான் ஒருத்தன். காசப் பாக்கத்தானய்யா கப்பலேறி வந்தோம்னேன். சிரிச்சிட்டானுங்க. சிரிக்க வச்சிட்டா பாதி வேல முடிஞ்ச மாதிரி."

"மீதிப் பாதி?"

அதற்குத்தான் காத்திருந்தார். கைப்பையிலிருந்து ஒளிநகல் ஒன்றை எடுத்தார். மழை படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார். பல்கலைக்கழக மாணவர் மலரில் ஆறு ஆண்டுகளுக்கு முன் வந்த கட்டுரை. 'ரிங்கிட்: யார் வைத்த பெயர்?' எழுதியவர் பெயர் 'துறைமுகத்தான்' என்று இருந்தது.

கட்டுரை சொல்வது இது. பினாங்குத் துறைமுகத்தில் நாணயம் சோதித்துக் கொடுத்த ஆண்டியப்பன் என்பவர் 1823இல் ஊருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். காசின் பெயர் அதில் வருகிறது. ஆகவே அந்தப் பெயர் தமிழர் வாயில் பிறந்து மலாய்க்குப் போனது. எந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்து என்பதை இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை எழுதப்பட்டதே போதும்.

"இந்தக் கடுதாசிதான் மா நமக்கு இந்தச் செவத்துல எடம் குடுத்துச்சி. நாட்டுக் காசுக்குப் பேரு வச்சவன் தமிழன். அவன் மொழியில பலகை இல்லன்னா எப்படின்னு கேட்டேன். ஒருத்தனாலயும் பதில் சொல்ல முடியல."

உறையைக் கழற்றாமல் படித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா எழுதியிருக்காரு," என்றேன்.

"எழுதுறது பெரிய ஆளு. வயசும் அனுபவமும் ஒவ்வொரு வரியிலயும் தெரியுது பாரு. நீ இத அப்படியே நூறு வார்த்தையில சுருக்கிரு. போதும்."

போகும்போது பலகையின் ஓரத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் பத்தியின் கடைசி வாக்கியம் தேவையற்றது. அலங்காரம். அப்போதே வெட்டியிருக்க வேண்டும்.

மார்ச் 6

மழை. துணி காயவில்லை. எதுவும் எழுதவில்லை.

மார்ச் 8

புவான் ரொஹாயா அழைத்தார். காட்சியகத்தின் பொறுப்பாளர் அம்மையார். மலாயில்தான் பேசுவோம். குரலை உயர்த்தாதவர். அதனால் அவர் அறைக்குள் போகும்போதே என் கழுத்து வியர்க்கும்.

"அந்தக் கடிதத்தின் மூலம் எங்கே இருக்கிறது?"

"பினாங்கில், தனியார் சேகரிப்பில் என்று கட்டுரையில் இருக்கிறது."

"தனியார் என்றால் யார்?"

"போட்டிருக்கவில்லை."

"கண்டுபிடி. படம் வேண்டும். ஒருவரை வைத்து வாசிக்கச் சொல்லி அதைத்தான் உங்கள் பலகையின் குரலாகப் போடப்போகிறேன். குரல் இல்லாத பலகையை அறக்கட்டளை ஏற்காது. உனக்குத் தெரியும்."

தெரியும் என்றேன்.

"இரண்டு நாள் பினாங்குக்குப் போய்விட்டு வா. பேருந்துச் செலவைத் தருகிறோம்."

சரி என்றேன். சரி என்ற சொல் எவ்வளவு வேகமாக வருகிறது.

மார்ச் 10

பினாங்கு. இல்லாத ஒன்றைத் தேட ஆள் எப்படி நடக்க வேண்டும் என்று தெரியாமல் வேகமாக நடந்தேன். துறைமுகத்தை ஒட்டிய தெரு. பணம் மாற்றும் கடைகள். மூன்று தலைமுறையாக அதே தொழில் என்று பலகை போட்ட ஒரு கடைக்குள் போனேன். மீரான் என்பவர். தொப்பி, மூக்கின் நுனியில் கண்ணாடி. கேட்டேன்.

"ஆயிரத்தி எண்ணூத்தி இருவத்தி மூணா? அம்மாடி. எங்க பாட்டன் காலத்துச் சிட்டையெல்லாம் வெள்ளத்துல போச்சிம்மா."

"ஆண்டியப்பன்னு ஒருத்தரு. நாணயம் சோதிக்கிறவரு."

கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"ஆண்டியப்பன். கேள்விப்பட்ட பேருதான்."

"கேள்விப்பட்டீங்களா?"

"எங்க வாப்பா சொல்லிருக்காரு. காசச் சுண்டுனா சத்தத்தக் கேட்டே மாத்துச் சொல்லுவாராம். அவருதான?"

"இருக்கலாம்."

"அவருதான். கடுதாசி எழுதிருப்பாரு. எழுதாம எப்படி? குடும்பம் அங்கிட்டுல்ல இருந்துச்சி."

தேநீர் வரவழைத்தார். ஆண்டியப்பனைப் பற்றி இன்னும் மூன்று விஷயம் சொன்னார். அவருக்கு ஒரு காது கேட்காது. அரிசிக் கப்பலில் வந்தவர். மனிதர் பொய் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்துகொண்டிருந்தார். மூன்றாவது விஷயம் எனக்குக் கேட்கவில்லை. ஆண்டியப்பன் என்பது எங்கள் பள்ளி வேன் ஓட்டுநரின் பெயர்.

எழுதிவிட்டேன். அந்த வரியை அடித்துவிடப் போவதில்லை.

மார்ச் 11

அப்போது எனக்கு இருபது வயது. இரண்டாம் ஆண்டு. மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். வாதம் என்னிடம் இருந்தது, சான்று இல்லை. நூலகத்தில் குளிரூட்டி பழுதான ஒரு மத்தியானம். சான்று இருந்தால் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்த்தேன். பழுப்பேறிய தாள். மடிப்புகளில் கிழிந்தது. ஐந்து வரி. பழைய தமிழ் எனக்கு நன்றாக வரும்.

வாதமும் கடன் வாங்கியதுதான். நம்மவர்கள் கூடும் எந்த மேடையிலும் கேட்கலாம். அந்தச் சொல் நம்முடையது, இந்த ஊர்ப் பெயர் நம்முடையது. கைதட்டல் விழும். நானும் தட்டியிருக்கிறேன். ஒரு சொல்லையாவது நமக்கென்று பிடித்துக்கொள்ளாவிட்டால் இங்கே கால் வைக்க இடமில்லை என்பதுபோல.

பரிசு கிடைத்தது. முதுகலைக்கு உதவித்தொகை கிடைத்தது. முதுகலையில் பேராசிரியர் கடிதத்தின் நகலைக் கொண்டுவரச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார்.

படிப்பை விட்டேன். தலைவலி, ஒத்துவரவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா இன்னமும் எனக்குத் தலைவலிக்கு மாத்திரை அனுப்புகிறாள்.

மார்ச் 12

புவான் ரொஹாயாவிடம்: தேடிக்கொண்டிருக்கிறேன்.

அரிசி வாங்கினேன். ஐந்து கிலோ. யாருக்கென்று தெரியவில்லை.

மார்ச் 13

குணாளன் ஐயாவைப் பசியாற அழைத்தேன். சங்கத்துக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடை. அவருக்குத் தோசை. எனக்குத் தேநீர் மட்டும். முதலில் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று பேருந்தில் எடுத்த முடிவு. இறங்கிய பிறகும் மாறவில்லை.

"ஐயா, அந்தக் கட்டுரைய எழுதுனது நான்."

தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

"எந்தக் கட்டுர?"

"துறைமுகத்தான்."

"நீ அவரு மகளா?"

"இல்ல ஐயா. துறைமுகத்தானே நான்தான். அந்தக் கடிதம் கெடையாது. ஆண்டியப்பனும் கெடையாது. நானா எழுதுனது."

கையைத் துடைத்தார். பிறகு சிரித்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"யாரு மெரட்டுனா? ரொஹாயாவா?"

"யாரும் இல்ல."

"நித்திலா, நீ நல்ல புள்ள. பயந்துட்ட. அந்த நடைய ஒரு காலேஜ் புள்ளயால எழுத முடியுமா? தொறைமுகத்தான நான் பாத்திருக்கேன் மா."

"எங்க?"

"தைப்பிங்ல, ஒரு கல்யாணத்துல. ஒசரமா இருப்பாரு. அதிகம் பேசமாட்டாரு."

"கடிதம்?"

"அதையும் பாத்தேன். காட்டுனாரு."

"எப்படி இருந்துச்சி?"

"பழுப்பேறிப் போயி. மடிப்புல கிழிஞ்சிருந்துச்சி."

அது என் கட்டுரையின் இரண்டாம் பக்கம், ஏறக்குறைய சொல்லுக்குச் சொல். அதையும் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

குணாளன் ஐயாவின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் மட்டும் இருந்தது.

"கெமாஸ் ஸ்டேஷன்ல முப்பத்தோரு வருஷம் டிக்கெட் குடுத்தவன் நான். கவுண்டருக்கு அந்தாண்ட நின்ன ஒருத்தனும் என் பேச்சப் பொய்யின்னு சொன்னதில்ல."

"நான் உங்கள ஒண்ணும் சொல்லல ஐயா. நான் சொன்ன பொய்யத்தான் சொல்றேன்."

"நீ யாருகிட்ட வேணாலும் சொல்லு. பலகை போயிரும். போனதுக்கப்புறம் இந்த ஊர்ல எந்தச் செவத்துல தமிழ எழுதுவ? உன் வீட்டுச் செவத்துலயா?"

எழுந்தார். இரண்டு பேருக்கும் பணம் கொடுத்துவிட்டுப் போனார். தோசை பாதி இருந்தது.

மார்ச் 14

அலுவலகக் கோப்பில் கூட்டக் குறிப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தியது. தேடியதில் ஐந்தே நிமிடத்தில் கிடைத்தது.

"மேற்படிக் கடிதத்தைத் தாம் நேரில் கண்டதாகத் திரு. குணாளன் உறுதியளித்தார். அதன் பேரில் நான்காம் பலகைக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது."

கீழே அவருடைய கையெழுத்து. முழுப் பெயரையும் நிறுத்தி நிறுத்தி எழுதியிருக்கிறார்.

ஆகவே இது என் பொய் மட்டும் இல்லை. நான் ஒரு கடிதத்தை எழுதினேன். அவர் அதைப் பார்த்தார். மீரான் அதை எழுதியவரின் ஒரு காதைச் செவிடாக்கினார். ஒவ்வொருவரும் கொஞ்சம் கொடுத்திருக்கிறோம். நான் வாயைத் திறந்தால் அவருடைய கையெழுத்துதான் முதலில் விழும்.

வாயைத் திறக்காவிட்டால் 28ஆம் தேதி பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். ஆண்டியப்பன், 1823.

மார்ச் 15

நடந்தேன். ஆற்றங்கரை வரை, திரும்பி, மறுபடியும். செருப்பு கடித்து இடது குதிகாலில் கொப்புளம்.

மார்ச் 16

காலையிலிருந்து பலகைக்கு எழுதுகிறேன். ஏழு முறை. முதல் ஆறிலும் நான் தெரிகிறேன். ஏழாவது:

"இந்தக் காசு நாம் வார்த்ததல்ல. அதன் பெயரும் நாம் வைத்ததல்ல. ஸ்பெயின்காரர் வார்த்த வெள்ளிக் காசு கப்பலில் வந்து எல்லோர் கையிலும் புழங்கியது. மலாய்க்காரர் அதன் பல் வெட்டிய விளிம்பைப் பார்த்தார்கள். ரிங்கிட் என்றார்கள். கிளந்தானில் அது ஸ்பானியப் பெயரை ஒட்டியே ரியால் என்று நின்றது. தமிழர் அது எதனால் ஆனது என்று பார்த்தார்கள். வெள்ளி என்றார்கள். 1975இல் ரிங்கிட் என்பதே நாட்டுப் பணத்தின் அதிகாரப்பூர்வப் பெயரானது. காசில் வெள்ளி இல்லாமல் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. கடையில் தமிழர் இன்னும் வெள்ளி என்றுதான் விலை கேட்கிறார்கள்."

படித்துப் பார்த்தேன். யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆறு வருடத்தில் நான் எழுதியவற்றில் இதற்கு மட்டும்தான் எனக்குத் துணை தேவைப்படவில்லை.

பெயர் நம்முடையது என்று நிறுவ ஒரு செத்த மனிதனை உண்டாக்கினேன். நம்முடைய பெயர் ஒன்று என் வாயிலேயே இருந்தது. அன்று அரிசி வாங்கியபோதுகூடச் சொன்னேன்.

மார்ச் 18

புவான் ரொஹாயாவிடம் சொன்னேன். நின்றுகொண்டே. கட்டுரை, கடிதம், பெயர், எல்லாம். பத்து நிமிடம் ஆகும் என்று நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அவர் பேனாவின் மூடியைப் போட்டார்.

"பினாங்குக்கு ஏன் போனாய்?"

"தெரியவில்லை."

"பேருந்துச் செலவு வாங்கினாயே."

"திருப்பித் தருகிறேன்."

"தர வேண்டும்." பிறகு, "திரு. குணாளன் அந்தக் கடிதத்தைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார்."

"பழைய தாள் எதையாவது பார்த்துவிட்டு அதுதான் என்று நினைத்திருப்பார்."

மறுபடியும் ஒரு பொய். எவ்வளவு சரளமாக வந்தது. அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். நம்பவில்லை. கேட்கவும் இல்லை.

புதிய உரையைக் கொடுத்தேன். மலாயில் வாய்மொழியாகச் சொன்னேன். ரியால் என்ற இடத்தில் தலையசைத்தார். அவர் கிளந்தான்காரர்.

"எங்கள் வீட்டில் இன்னும் அப்படித்தான் கேட்பார்கள்," என்றார். "இது உண்மையா, முழுக்க?"

"முழுக்க."

"உன்னிடம் இனி இரண்டு முறை கேட்பேன். பழகிக்கொள்."

முடிவு: அறக்கட்டளைக்கு அவரே தெரிவிப்பார். என் ஒப்பந்தம் நீளாது. பலகையில் எழுதியவர் பெயர் வராது. உரையை அவர் எடுத்துக்கொள்கிறார். ஆனால் குரல் வேண்டும். கடிதம் வாசிக்கும் நடிகர் இனி இல்லை. ஒரு நிமிடம். உண்மையான ஆள், சொந்தக் கதை, பணத்தின் பெயரைப் பற்றியது. 22ஆம் தேதி மதியத்துக்குள் இல்லையென்றால் அந்த இடத்தில் தீயணைப்பான் மாட்டுவார்கள். தீயணைப்பானுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

மார்ச் 19

சந்தை. பதிவுக் கருவியை நீட்டியதும் எல்லோருக்கும் வேலை வந்துவிடுகிறது.

கீரை விற்கும் அக்கா ஒருவர் அகப்பட்டார்.

"காச ஏன் வெள்ளின்னு சொல்றோம் அக்கா?"

"வெள்ளின்னா வெள்ளிதான். வேற என்னான்னு சொல்றது?"

"ரிங்கிட்னும் சொல்லலாம்ல."

"மலாய்க்கார அம்மா வந்தா ரிங்கிட். நீ வந்தா வெள்ளி. நீ என்ன, வாங்குறியா, கேள்வி மட்டுந்தானா?"

பசலைக் கீரை இரண்டு கட்டு வாங்கினேன்.

கோழி வெட்டுபவர்: "இதுக்குச் சம்பளம் தர்றாங்களா?"

பூக்கடையில் ஒரு பெண் பேச ஒப்புக்கொண்டு, தலை சீவிவிட்டு வருகிறேன் என்று போனாள். வரவில்லை.

புவான் ரொஹாயாவுக்குக் கீரை அக்காவைப் போட்டுக் காட்டினேன். பதினான்கு நொடி. பின்னால் கத்தி விழும் சத்தம். "நன்றாக இருக்கிறது," என்றார். "ஆனால் இது ஒரு நிமிடம் இல்லை, கதையும் இல்லை."

மார்ச் 20

யாருக்கும் தெரியாது என்பதல்ல. எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் யாரிடமும் சொல்ல ஒன்றுமில்லை. தன் சொல்லை வெளியே நின்று கேட்டவர்தான் சொல்ல முடியும். ஒரே காசுக்கு எல்லா வாயிலிருந்தும் வந்த பெயர்களைக் கேட்டவர்.

கெமாஸ் சந்திப்பு. கிழக்குக் கரை ரயிலும் மேற்குக் கரை ரயிலும் சேரும் இடம். கிளந்தானுக்குப் போகிறவர், சிங்கப்பூருக்குப் போகிறவர், தோட்டங்களிலிருந்து வருகிறவர். ஒரே கவுண்டர். முப்பத்தோரு வருஷம்.

இன்று முழுக்க வேறு ஆளை யோசித்தேன்.

கடிதம் பொய் என்று அறக்கட்டளை நேற்றே குணாளன் ஐயாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டதாம். புவான் ரொஹாயா போகிற போக்கில் சொன்னார்.

பேருந்துச் செலவைத் திருப்பிக் கொடுத்தேன். ரசீது தந்தார்கள்.

மார்ச் 21

காலை பத்து மணி. குணாளன் ஐயா வீடு. வரிசை வீடுகளில் கடைசி. அவருடைய மனைவி தெய்வானை ஆன்ட்டி வாசல் கம்பிக் கதவைத் திறந்தார். என் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் தெரிந்தது.

"உள்ளதான் இருக்காரு. ரெண்டு நாளாச் சங்கத்துக்கும் போகல. வா."

பனியன், கைலி. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சி ஓடவில்லை. என்னைப் பார்த்து, எதிரே உள்ள நாற்காலியைக் கண்ணால் காட்டினார்.

"தலைவர் பதவிய விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன்," என்றார். "பலகை போச்சா?"

"இல்ல ஐயா. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருக்கு."

உரையைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடினார். ஆன்ட்டி கொண்டுவந்தார். சத்தமாகவே படித்தார், அறிவிப்புப் படிப்பதுபோல. 'அதன் பெயரும் நாம் வைத்ததல்ல' என்ற இடத்தில் நின்றார். மறுபடியும் அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய்ப் படித்தார். பிறகு கடைசிவரை நிற்கவில்லை.

"அலங்காரமே இல்லியே."

"இல்ல ஐயா."

"முன்னாடி எழுதுனது நல்லாருந்துச்சி."

"ஆமா. பொய்யி."

ஆன்ட்டி சமையலறைக்குப் போகாமல் கதவோரம் நின்றார்.

எதற்கு வந்தேன் என்று சொன்னேன். குரல், ஒரு நிமிடம், கெமாஸ் கவுண்டர். யார் என்ன பெயர் சொல்லிச் சீட்டுக் கேட்டார்கள் என்று மட்டும் சொன்னால் போதும். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரு முறை உதடு அசைந்தது. யாரையோ நினைத்துவிட்டார் என்று தெரிந்தது. உடனே அடக்கிக்கொண்டார்.

"வேணாம் மா."

"ஏன் ஐயா?"

"பாக்காதத பாத்தேன்னு கையெழுத்துப் போட்டவன் நான். என் கொரல எப்படி அங்க வப்பாங்க?"

இரண்டு வாரமாக நான் தேடிய வாக்கியம் அது. அவர் அதைத் தரையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு எழுந்து போய்விட வேண்டும்போல் இருந்தது.

"இல்லாதத இருக்குன்னு எழுதுனவ நான். என் எழுத்தத்தான் செவத்துல வக்கிறாங்க."

"அதுல உன் பேரு இல்லியே."

"உங்க பேரும் வேணாம்னா போட மாட்டாங்க. 'ஓய்வுபெற்ற டிக்கெட் விற்பனையாளர், கெமாஸ்.' அவ்வளவுதான்."

"அது பொய்யில்ல," என்றார் ஆன்ட்டி, கதவோரத்திலிருந்து.

"நீ சும்மா இரு."

"நாப்பத்தஞ்சி வருஷமா எனக்கு இதத்தான் சொல்றீங்க. வீட்டுக்கு வந்தா அந்தக் கவுண்டர் கததான. கிளந்தான்காரன் அப்படிக் கேட்டான், சீனக் கெழவி இப்படிக் கேட்டா, தோட்டத்துக்காரன் வெள்ளிய முடிச்சிலேருந்து அவுக்குறதுக்குள்ள ரயிலு போயிருச்சின்னு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிப் போச்சி. இப்ப ஒரு புள்ள வந்து கேக்குது. அதுகிட்டப் போயி ஊமையா உக்காந்துருக்கீங்க."

அவர் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

நான் பேசினால் அழகாக ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"இங்கிலீசுல டாலரு," என்றார் திடீரென்று. என்னிடம் இல்லை, நாள்காட்டியிடம். "மேலேருந்து வர்ற கடுதாசியில எல்லாம் டாலரு. எழுபத்தஞ்சில இனிமே ரிங்கிட்டுன்னு சுத்தறிக்கை வந்துச்சி. கவுண்டருக்கு அந்தாண்ட ஒரு மாத்தமும் இல்ல. அவனவன் அவனவன் பேரத்தான் சொன்னான். நான் நாலு பேருக்கும் அதே சீட்டத்தான் குடுத்தேன்."

"இதத்தான் ஐயா."

"இருவது வருஷம் கழிச்சும் அப்படியேதான். கிளந்தானுக்குப் போற மலாய்ப் பாட்டி ஒண்ணு. ரியாலுன்னு சொல்லும். பின்னால நிக்கிற நம்மாளு அதுகிட்ட, பாட்டி ரெண்டு வெள்ளி கொறயுதும்பான். அது புரிஞ்சிக்கிட்டு எடுத்துக் குடுக்கும்." நிறுத்தினார். "இது நடந்ததுதான் மா. இதுக்குக் கடுதாசி கெடையாது."

"வேணாம்."

எழுந்து உள்ளே போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. தேய்த்த சட்டையைப் போட்டுப் பொத்தான்களை மாட்டிக்கொண்டே வந்தார்.

"கொரலுக்குச் சட்ட எதுக்கு?" என்றார் ஆன்ட்டி.

"கவுண்டர்ல நான் பனியனோட உக்காந்ததில்ல."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கருவியை மேசைமேல் வைத்தேன். அதை ஒரு முறை பார்த்தார், பிறகு அதைத் தாண்டி, வரிசையில் யாரோ நிற்பதுபோல் நேராகப் பார்த்தார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

"பாட்டி கவுண்டருக்கு வர்ற எடத்துலேருந்து."

மின்விசிறி சத்தம் பதிவில் விழும். எழுந்துபோய் அதை நிறுத்தினேன்.